பதினெட்டாவது ப்ரூஃப்

இப்போதெல்லாம் படம் பார்க்க வருகிறவர்கள் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கையை நீட்டிப் போனைப் பிடித்து, தங்கள் மூஞ்சியையும் பின்னால் தொங்கும் சட்டத்தையும் சேர்த்து ஒரு தடவை எடுத்துக்கொண்டு, அடுத்த படத்துக்குப் போய் மறுபடியும் திரும்பி நிற்கிறார்கள். எவால்ட் நெஸ்ட்லரின் நூறாவது பிறந்த ஆண்டுக் கண்காட்சியில் அரைமணி நேரம் நின்று இதைப் பார்த்தேன். நெஸ்ட்லரின் படங்களில் இருக்கும் ஆட்களும் முதுகைத்தான் காட்டுவார்கள். அந்தக் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் பெயர் கோட்ஹார்ட் க்ரும்பீகல். லைப்ஸிக்கில் ஓவியர்களுக்கான அச்சுக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் செப்புத் தகட்டிலிருந்து படம் எடுத்துக் கொடுத்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. படத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. பேசுகிறவர்களை நம்புவதும் இல்லை. என்னை அங்கே கூப்பிட்டதற்குக் காரணம் என்னிடம் இருந்த ஒரு தாள்.

ஓவியன் தகட்டில் ஊசியால் கோடு போடுவான். அமிலம் அந்தக் கோட்டை அரிக்கும். நாங்கள் மை பூசித் துடைத்து, நனைத்த தாளை மேலே வைத்து, சக்கரத்தைச் சுற்றி ஒரு ப்ரூஃப் எடுப்போம். பிடிக்காவிட்டால் அவன் தகட்டைச் சுரண்டித் திருத்திக்கொண்டு வருவான். மறுபடி ஒரு ப்ரூஃப். என்றாவது ஒருநாள் ஒரு ப்ரூஃபின் அடியில் பென்சிலால் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். அதைச் சுவரில் குத்தி வைத்துக்கொண்டு, அதைப் போலவே முப்பதோ ஐம்பதோ எடுப்போம். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் யந்திரத்துக்குள் போகாது. வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்ட தாள் அச்சுக்காரனுக்குச் சொந்தம். இது எங்கள் வழக்கம். நெஸ்ட்லரின் ‘ட்ராம் நிறுத்தம்’ படத்தின் பதினெட்டாவது ப்ரூஃப் அப்படித்தான் என் வீட்டு அலமாரியில் முப்பத்தைந்து வருஷம் கிடந்தது.

அதைக் கேட்டுக்கொண்டு அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் ஸைஃபர்ட் என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படம் படித்த டாக்டர். ரசீது எழுதித் தரச் சொன்னேன். எழுதினாள். தாளின் நீள அகலத்தையும் எழுதச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.

திறப்பு நாளன்று போனால், தாளுக்குப் பக்கத்துச் சுவரில் இப்படி எழுதி வைத்திருந்தார்கள்: பத்தாண்டு இடைவிடாத தேடலுக்குப் பிறகு, 1985 டிசம்பரில், இப்படம் நிறைவுற்றது என்று கலைஞர் தாமே உணர்ந்தார். ஆறு வாரம் கழித்து அமைதியாகக் காலமானார்.

தாமே உணர்ந்தாராம். அவர் தானாக முடித்தாரா, நான் முடிக்க வைத்தேனா என்பது எனக்கே இந்த முப்பத்தைந்து வருஷமாகத் தெரியாத விஷயம். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

டாக்டர் ஸைஃபர்ட் என் கையைப் பிடித்து, பேச்செல்லாம் முடிந்ததும் நான் மைக்கில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று சொன்னால் போதுமாம். முதலில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நெஸ்ட்லர் பையனாக இருந்தபோது கற்றுக்கொண்டது இசைத் தாள்களுக்குத் தகடு செதுக்குகிற வேலை. எங்கள் ஊரில் அப்போது அது பெரிய தொழில். ஈயத் தகட்டில் ஒவ்வொரு சுரத்தையும் வலம் இடமாகத் திருப்பி அடிப்பார்கள். தப்பு விழுந்தால் தகட்டைக் கவிழ்த்து, பின்னாலிருந்து சுத்தியால் தட்டி, அந்த இடத்தை மேலே தூக்கி, மறுபடி செதுக்குவார்கள். பிறகு யுத்தம். ரஷ்யாவில் சிறை. திரும்பி வந்து, ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தார். அந்த நாலு வருஷத்தில் அவர் மனைவி ஒரு பெட்டியோடு மேற்கு ஜெர்மனிக்குப் போனாள். இரண்டு கடிதம் வந்ததாம். மூன்றாவது வரவில்லை.

கல்லூரியிலிருந்து அவரை அனுப்பியதும் ஒரு படத்தால்தான். ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் மகிழ்ச்சியோடு வெளியே வருவதைப் படம் போடச் சொன்னார்கள். போட்டார், அத்தனை பேரும் முதுகு. திருப்பிப் போடுங்கள் என்றார்கள். “வீடு அந்தப் பக்கம் இருக்கு, அவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாராம். அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஊறுகாய் வெள்ளரி ஜாடிக்கு லேபிள், பாராட்டுப் பத்திரத்துக்கு ஓரப் பூ, நூலகத்துக்கு முத்திரை. இருபத்தைந்து வருஷம் அதுதான் சோறு போட்டது. கண்காட்சி என்று பார்த்தால் ஒரே ஒரு தடவை, ரயில்வே ஊழியர்கள் சாப்பாட்டுக் கூடத்தில். அங்கே ஒருத்தன் சட்டத்தின் மூலையில் தொப்பியை மாட்டி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மட்டும் சொந்த வேலை. காலை எட்டு மணிக்குத் தோல் பையோடு எங்கள் கூடத்துக்கு வருவார். இருபத்துநாலு வருஷத்தில் இரண்டு செவ்வாய் வரவில்லை, இரண்டும் காய்ச்சல். என்னை மாஸ்டர் என்பார். நான் அவரைப் புரொபசர் என்பேன். அவர் ஒருநாளும் புரொபசர் ஆனதில்லை, அதனால்தான் அப்படிக் கூப்பிட்டேன். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பையில் இரண்டு அவித்த முட்டை இருக்கும். ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை ஜன்னல் விளிம்பில் வைப்பார். யாருக்கு என்று சொல்ல மாட்டார். நான் எடுத்துத் தின்பேன். அவர் வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை, அவரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

‘ட்ராம் நிறுத்தம்’ தகட்டை அவர் 1975இல் கொண்டு வந்தார். ஒரு கூரை, ஒரு விளக்கு, ஒரு பெஞ்சு, அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். இரண்டாவது ப்ரூஃபில் பக்கத்தில் இன்னொரு ஆள் வந்தான். நாலாவதில் அவன் இல்லை. ஏழாவதில் மறுபடி வந்தான், தொப்பியோடு. ஒன்பதில் போய்விட்டான். இடையில் வேறு தகடுகளைக் கொண்டு வருவார், முடிப்பார், கையெழுத்துப் போடுவார். இது மட்டும் முடியவில்லை. இரண்டாவது ஆள் உட்கார்ந்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டி, பின்னாலிருந்து சுத்தியால் தட்டித் தட்டி, செம்பு அங்கே இலை மாதிரி ஆகிவிட்டது. மை துடைக்கும்போது என் உள்ளங்கைக்குத் தெரியும்.

பதினேழாவது ப்ரூஃபில் அவன் மறுபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு எரிச்சல் வந்தது.

“இவன் இங்க எதுக்கு, புரொபசர்? ட்ராமுக்குக் காத்திருக்கிற ஆளு மாதிரியே இல்ல. கடன் கேக்க வந்தவன் மாதிரி ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கான். ஒண்ணு ஒழுங்கா உக்கார வைங்க, இல்ல எழுப்பி அனுப்புங்க.”

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவனுக்கும் போக இடம் இல்லையோ என்னவோ” என்றார். அடுத்த வாரம் எழுப்பி அனுப்பிவிட்டுத் தகட்டைக் கொண்டு வந்தார். அதுதான் பதினெட்டு.

அந்த டிசம்பரில் என்னிடம் நல்ல தாள் முப்பத்திரண்டு இருந்தது. கையால் செய்த தாள். அந்தக் காலத்தில் அது கிடைப்பதே அபூர்வம். வருஷக் கடைசிக்குள் உபயோகிக்காத தாள் மேலிடத்துக்குத் திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷம் வரும் என்பார்கள், வந்து நான் பார்த்ததில்லை. இந்தப் படத்துக்கென்றே அதை ஒளித்து வைத்திருந்தேன். பதினேழாம் தேதி, செவ்வாய், பதினெட்டாவது ப்ரூஃபை எடுத்துப் பலகைமேல் போட்டுவிட்டுச் சொன்னேன்:

“இன்னிக்குக் கையெழுத்துப் போடுறீங்க.”

“ஒரே ஒரு வாரம், மாஸ்டர்.”

“பத்து வருஷமா இதே ஒரு வாரத்தைத்தான் கேக்குறீங்க. தாள் போயிடும்.”

“போகட்டுமே. தாள்தானே.”

“தாள்தானேவா? வெள்ளரி லேபிள் அடிக்கிற தாளுன்னு நெனச்சீங்களா? இதுக்காக நான் ஸ்டோர்காரன்கிட்ட மூணு மாசமா பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“முடிஞ்சிருச்சுன்னு உங்களுக்குத் தோணுதா?”

நான் ப்ரூஃபைப் பார்க்கவில்லை. தொட்டியில் நனைக்க வேண்டிய தாளை எண்ணிக்கொண்டிருந்தேன். “முடிஞ்சிருச்சு” என்றேன்.

பென்சிலை எடுத்தார். எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்காமல், “அப்ப அடுத்த செவ்வாய்?” என்று கேட்டார்.

“அடுத்த செவ்வாய் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கூடமே பூட்டியிருக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் வேற தகடு கொண்டு வாங்க. இதை மட்டும் மறுபடி இங்க தூக்கிக்கிட்டு வரக் கூடாது. கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.”

இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றிச் சொல்லவில்லை. முப்பது பிரதி வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தது. இரண்டு தாள் வீண். அவர் வந்து எல்லாவற்றிலும் எண் போட்டுக் கையெழுத்திட்டார். பிரதிகள் எடுத்த பிறகு தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கீறல் போட்டுவிடுவது வழக்கம், யாரும் திருட்டுத்தனமாக மறுபடி எடுக்கக் கூடாது என்பதற்காக. ஊசியை நீட்டினேன். வீட்டில் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி, தகட்டைக் கம்பளித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் வரவில்லை. புதுத் தகடு ஆரம்பித்திருப்பார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், செவ்வாய்க்கிழமைகள் நிம்மதியாகத்தான் இருந்தன. வேலை சீக்கிரம் முடிந்தது. பிப்ரவரி முதல் வாரம், தபால் பெட்டி நிரம்பிக் கிடப்பதைப் பார்த்துக் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். இதயம் நின்றுபோய் மூன்று நாளாம். அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தோம். பாதிரியார் எவால்டை ஓஸ்வால்ட் என்று சொன்னார். யாரும் திருத்தவில்லை, நானும்தான்.

இதையெல்லாம் மைக்கில் எப்படிச் சொல்வது? சுவரில் எழுதியதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்போதுதான் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே அந்தத் தகடு. கீழ்வீட்டு அம்மாளின் மகள் கொடுத்திருக்கிறாள். தகடு இன்னும் இருப்பதே எனக்குத் தெரியாது.

முதலில் குறுக்குக் கீறலைத் தேடினேன். இல்லை. சரி, சோம்பல்பட்டுப் போடாமல் விட்டிருப்பார் என்று குனிந்தேன். தகட்டில் படம் வலம் இடமாக இருக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் கிறுக்கல், நான் ஆயுசு முழுக்க அதைத்தான் பார்த்தவன். கூரை, விளக்கு, பெஞ்சு, ஆள். ஆளுக்குப் பக்கத்தில், அந்த இலை மாதிரி மெலிந்த இடத்தில், ஒரு பளபளப்பு. கடைசியாக அது என் கையை விட்டுப் போனபோது அந்த இடம் மங்கலாக, சொரசொரப்பாக இருந்தது. இப்போது யாரோ மெருகுக் கம்பியால் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த இடத்தின் மேல் முடி மாதிரி நாலைந்து கோடு. ஒன்று தோள் போல வளைந்தது. ஒன்று அதற்கு மேலே, தொப்பி விளிம்பாக இருக்கலாம். அமிலத்தில் போடாத, வெறும் ஊசிக் கோடு. தலையைச் சாய்த்தால் தெரிந்தது, நிமிர்ந்தால் மறைந்தது.

டாக்டர் ஸைஃபர்டைக் கூப்பிட்டேன். கையில் ஒயின் கிளாஸோடு வந்தாள். விரலால் காட்டினேன்.

“அதுவா? சும்மா வெச்சிருந்ததுல விழுந்த கீறல். எங்க ஆளுங்க பரிசோதிச்சு அறிக்கையே குடுத்திருக்காங்க.”

“உங்க ஆளுங்க தகடு துடைச்சிருக்காங்களா?”

“ஹெர் க்ரும்பீகல், மைக்ராஸ்கோப் வெச்சுப் பாத்திருக்காங்க.”

“மைக்ராஸ்கோப்புக்கு உள்ளங்கை இருக்கா, ஃப்ராவ் டாக்டர்? கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அவர் இதுல வேலை செஞ்சிருக்கார். முடியல இது. நீங்க எழுதி வெச்சது பொய்.”

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவளும் குனிந்து பார்த்தாள். பிறகு, தகடு எங்கே கிடைத்தது தெரியுமா என்று கேட்டாள். கீழ்வீட்டு அம்மாளின் மகள் சொன்னாளாம்: கம்பளித் துணியில் சுற்றி, தோல் பைக்குள் இருந்தது. பை அவர் வீட்டு வாசற்கதவின் உள்பக்கக் கைப்பிடியில் மாட்டியிருந்தது. டிசம்பரில் வந்து மாட்டியது அப்படியே இருந்திருக்கும் என்றாள்.

டிசம்பரிலிருந்து அப்படியே இருந்தால் இந்தக் கோடுகள் எப்படி வந்தன? தகட்டை எடுத்திருக்கிறார். தேய்த்திருக்கிறார், போட்டிருக்கிறார். மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்துக் கதவில் மாட்டியிருக்கிறார். அந்தப் பையை அவர் செவ்வாய்க்கிழமை தவிர வேறு நாளில் எடுத்து நான் பார்த்ததில்லை, அந்த ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர. எத்தனை செவ்வாய் எங்கள் கூடத்துக்குக் கிளம்பி அந்தக் கதவுவரை வந்து திரும்பியிருப்பார் என்று கணக்குப் போட்டேன். கூடம் திறந்திருந்த செவ்வாய் நாலோ, அஞ்சோ.

“ஓவியக் கல்லூரியில இன்னும் பழைய அச்சு யந்திரம் இருக்கு” என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. “அனுமதி நான் வாங்குறேன். நீங்களே வந்து மை போடுங்க. ஒரே ஒரு தாள். கீறலா, ஆளான்னு தெரிஞ்சிடுமே. பத்தொன்பதாவது ப்ரூஃப், யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் நான் அவ்வளவு ஆசைப்பட்டது எதுவுமில்லை. எவ்வளவு மை, எவ்வளவு ஈரம், அந்த மெலிந்த இடத்தில் எவ்வளவு மெதுவாகத் துடைக்க வேண்டும், எல்லாம் கைக்குள் வந்துவிட்டது. ஊசிக் கோடு ஒன்றிரண்டு தாள்தான் தாங்கும். ஒன்று போதும்.

“அவர் கொண்டு வந்து குடுக்கல. குடுக்காத தகட்டுல நான் ப்ரூஃப் எடுக்கறதில்ல.”

“அவர் செத்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு!”

“அதனாலதான் சொல்றேன். வேண்டாம்னு சொல்ல அவரால முடியாதே.”

இதை மறுபடி தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்று அன்றைக்கு நான் அவரிடம் சொன்னதையும் சொன்னேன். அவள் என் தோளில் கை வைத்தாள். நல்ல பெண்தான். மெதுவாகச் சொன்னாள்: “நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வழக்கம் கிழக்கம்னு எதையோ சொல்லியிருப்பீங்க, அவருக்குத் தெரியாதா? வரணும்னு நெனச்சிருந்தா வந்திருப்பார். தகட்டோட வாசல்ல வந்து நின்னிருந்தா நீங்க என்ன திருப்பியா அனுப்பியிருப்பீங்க?”

“அனுப்பியிருப்பேன்” என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். அனுப்பியிருப்பேன்தான். முட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவருக்கு அது தெரியும்.

மைக்கில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள், போன்கள் என் பக்கம் திரும்பின. சுவரில் எழுதியதை எடுக்கச் சொன்னேன் அவளிடம். அதற்குக் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்றாள். சரி, கண்காட்சி முடிகிற அன்றைக்கு ரசீதோடு வந்து என் தாளை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கோட்டு மாட்டியிருந்த அறைக்குப் போனேன். பின்னால் அவள் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கா மைக்குக்கா தெரியவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. ட்ராம் கதவைத் திறந்துகொண்டு நின்றது, நான் ஏறவில்லை. நடந்தே போனேன். பைக்குள் வைக்கும்போதும் எடுக்கும்போதும் உரசி விழுந்த கீறலாகவும் இருக்கலாம், நாலைந்து தடவை எடுத்து வைத்தால் விழும்தான். ஆனால் கம்பளித் துணி செம்பைக் கீறாது. உரசல் என்றால் ஒரே வாக்கில் அப்படி வளையவும் செய்யாது.